ஹட்டன்ல வாங்குன சின்ன கொம்பஸ், ஒன்லைன்ல எடுத்த பெரிய கொம்பஸ்: வயர் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு எழுதுறேன்

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்து ஸ்கூல்ல சயன்ஸ் படிச்சுக் குடுக்குறேன். பதினோராம் ஆண்டு புள்ளைங்களுக்கு மின்னோட்டத்தின் காந்த விளைவு பாடம் வந்துச்சு, கம்பியில கரண்ட் ஓடுனா பக்கத்துல இருக்கிற கொம்பஸ் ஊசி விலகுறதக் காட்டுற பாடம். லேப்ல இருந்த ஒரே கொம்பஸ் துருப்பிடிச்சு ஊசி நகரவே மாட்டேங்குது. படத்த போர்ட்ல வரைஞ்சு காட்டிட்டுப் போயிடலாம்தான், ஆனா இந்தப் பாடத்த கண்ணால பார்க்காம படிச்சா அது மனப்பாடம் மட்டுந்தான், பரீட்சை முடிஞ்ச அடுத்த நாளே மறந்து போயிடும். அதனால என் காசுலயே வாங்கிடுவோம்னு ரெண்டு வகை வாங்குனேன். ரெண்டையும் மூணு மாசமா போட்டு எடுத்துட்டேன், அதான் இப்ப எழுதுறேன்.

முதல்ல சின்னது. ஹட்டன் டவுன்ல புத்தகக் கடைக்குப் போயி "அண்ணே, கொம்பஸ் இருக்கா"ன்னு கேட்டேன், கணக்குப் பாடத்துக்கு வட்டம் கீறுற கவராயத்த எடுத்து வச்சாரு. அது இல்லண்ணே, வடக்கு காட்டுறதுன்னதும் உள்ள போயி ஒரு பழைய பெட்டியத் தேடி எடுத்துட்டு வந்தாரு. ஒரு பத்து ரூபா குத்திய விடக் கொஞ்சம் பெருசு, அலுமினிய மூடி, மேல கண்ணாடி, உள்ள ஒரு பக்கம் சிவப்பு அடிச்ச ஊசி. ஒன்னு 150 ரூபா. ஆறு எடுத்தேன். கடையில அந்த ஷோகேஸ் மேல வரிசையா வச்சா ஒவ்வொன்னும் ஒவ்வொரு பக்கம் பார்க்குது. அண்ணனுக்கு முகம் சுருங்கிப் போச்சு, எல்லாம் பழுது டீச்சர், வேணாம்னு திருப்பி வைக்கப் போனாரு. எனக்கு அப்பவே தோணுச்சு, ஷோகேஸுக்கு கீழ இரும்பு ஃப்ரேம் இருக்கு, அதோட ஆறும் ஒட்டி ஒட்டி இருக்கு, ஒரு ஊசி இன்னொரு ஊசிய இழுக்கத்தானே செய்யும். வெளிய சீமெந்து திண்ணையில ஒரு சாண் இடைவெளி விட்டு ஒவ்வொன்னா வச்சேன். அஞ்சு ஒரே திசையில நின்னுச்சு. ஆறாவது நேர் எதிர்ப்பக்கம், சிவப்பு முனை தெக்க பார்க்குது. அந்த ஒன்னுக்கு அண்ணன் காசே வாங்கல, இத்தனைக்கும் அவரா நெனச்சுதான் குடுத்தாரு, நான் கேட்கல. மழை தூறிட்டு இருந்த நேரம் அந்தத் திண்ணையில இருபது நிமிஷம் நான் வச்சு எடுத்துப் பார்க்க விட்டாரு. கடைக்கு என்னோட முழு மார்க்கும் அதுக்குத்தான்.

அந்தத் திரும்பிப்போன ஊசிய வீட்டுல சரி பண்ணிட்டேன். மூடிய நெம்பி எடுத்து, ஊசிய வெளிய எடுத்து, ஸ்கூல் சட்டக் காந்தத்தோட தென்முனையால ஊசி நடுவுல இருந்து சிவப்பு முனை வரைக்கும் ஒரே திசையில ஒரு இருபது தடவ தேய்ச்சேன். திரும்பி வரும்போது காந்தத்த நல்லா தூக்கிக் கொண்டு வரணும், தொட்டுக்கிட்டே முன்னும் பின்னும் தேய்ச்சா ஒன்னும் நடக்காது. தேய்ச்சு முடியுற முனையில தேய்க்கிற முனைக்கு எதிர் முனைதான் உண்டாகும், அதனாலதான் தென்முனைய எடுத்தது. ஊசி அப்படித் திரும்பிப் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் எங்கயாவது பலமான காந்தத்துக்கிட்ட ரொம்ப நாள் கிடந்திருக்கும், ஸ்பீக்கரோ வேற ஏதோ. ஊசியில உள்ளது வெறும் காந்தமேத்துன உருக்குதான், அத விடப் பலமான காந்தம் வந்தா அது சொல்றபடி மாறிடும்.

இப்ப பெரியது. இது ஒன்லைன்ல எடுத்தேன், 1,950 ரூபாயும் கூரியர் காசும். கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் தட்டு, ஓரத்துல அடிமட்டம், சுத்துற வளையத்துல 360 டிகிரி, ஊசி இருக்கிற பெட்டிக்குள்ள எண்ணெய் மாதிரி திரவம். பார்க்க ரொம்ப அழகா இருந்துச்சு, நான் ஆசப்பட்டுத்தான் எடுத்தேன். வந்த அன்னைக்கு ராத்திரி மேசையில வச்சா வடக்குன்னு அது காட்டுற திசை எங்க வீட்டு வடக்குக்கு இருபது டிகிரிக்கு மேல விலகி நிக்குது. எங்க வீட்டுக்காரரு பார்த்துட்டு "டூப்ளிகேட்டு, நாளைக்கே திருப்பி அனுப்பு"ன்னாரு. அந்த சாமானுக்குக் கீழ மத்தவங்க எழுதியிருந்ததப் பார்த்தா அங்கயும் அதேதான், வடக்கு பிழையா காட்டுது, குப்பை, காசு நட்டம், ஒரு ஸ்டார்னு வரிசையா.

நானும் எழுதியிருப்பேன். ஆனா அந்த மேசையில என் போன் சார்ஜ்ல கிடந்துச்சு, கொம்பஸுக்கும் அதுக்கும் அஞ்சு விரல் தூரம் கூட இல்ல. சார்ஜர் வயர் கொம்பஸுக்கு அடியாலயே ஓடுது. வயர்ல கரண்ட் ஓடுறதாலதான்னு முதல்ல நெனச்சு சார்ஜர பிளக்ல இருந்து புடுங்குனேன். ஊசி அசையல. அப்புறம் போனத் தூக்கி அந்தப் பக்கம் வச்சேன், ஊசி மெதுவா நீந்தி வந்து சரியான வடக்குல நின்னுச்சு. திரும்ப போன வச்சா திரும்ப விலகுது. போனுக்குள்ள ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கு, வேலை அதோடது.

சரி, வயர்ல ரெண்டு அம்பியர் அளவு ஓடியும் ஏன் ஊசி அசையலன்னு கேட்டா, அதுதான் இந்த விசயத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சார்ஜர் கேபிளுக்குள்ள போற கம்பியும் திரும்பி வர்ற கம்பியும் ஒன்னுக்கொன்னு ஒட்டிக் கிடக்கு. ஒன்னு உண்டாக்குற காந்தப்புலம் ஒரு பக்கம் சுத்துது, மத்தது அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் சுத்துது, ரெண்டும் சேர்ந்தா கழிஞ்சு போயிடுது. ஒத்த வயரா ஓடுனாத்தான் ஊசிக்குத் தெரியும்.

வகுப்புல செஞ்சது அந்த ஒத்த வயரத்தான். ரெண்டு பெரிய டோர்ச் பெட்டரி, 2.5 வோல்ட் 0.3 அம்பியர்னு போட்ட டோர்ச் பல்பு ஒன்னு, ஒரு ஆளி (சுவிட்ச்), நீளமா ஒரு செப்புக் கம்பி. கம்பிய சின்ன கொம்பஸுக்கு மேல, ஊசி காட்டுற அதே வடக்கு தெற்கா, ஒரு சென்டிமீட்டர் உயரத்துல பிடிக்கணும். ஆளிய மூடுனதும் பல்பு எரியும், ஊசி ஒரு எட்டு ஒன்பது டிகிரி விலகும். கொஞ்சந்தான், ஆனா புள்ளைங்க கண்ணுக்கு அது போதும். அம்பத்தஞ்சு புள்ளைங்க இருக்கிற வகுப்பு, பின் வரிசை பூரா எழும்பி முன்னால வந்துருச்சு. பெட்டரிய மாத்திப் போட்டா ஊசி அந்தப் பக்கம் விலகும். கம்பிய ஊசிக்கு மேல இருந்து கீழ கொண்டு போனா திரும்பவும் பக்கம் மாறும். வலது கைப் பெருவிரல மின்னோட்டத் திசையில நீட்டி மத்த விரல மடக்குற விதிய அன்னைக்கு நான் சொல்லிக் குடுக்கல, அவங்களே கைய வச்சு வச்சுப் பார்த்து ஒத்துவருது டீச்சர்னு சொன்னாங்க.

ஒரு பையன் மட்டும் பின்னால இருந்து "டீச்சர், எங்க குரூப் கொம்பஸ் பழுது, பல்பு எரியுது ஊசி அசையல"ன்னான். போயிப் பார்த்தா அவன் கம்பிய கிழக்கு மேற்கா ஊசிக்குக் குறுக்க பிடிச்சிருக்கான். "பழுது இல்லடா தம்பி, நீ கம்பியத் திருப்பிப் பிடி"ன்னேன். கம்பி கிழக்கு மேற்கா கிடந்தா அது உண்டாக்குற புலம் வடக்கு தெற்காவே விழும், ஊசி ஏற்கனவே அந்த வரிசையிலதான் நிக்குது, விலகுறதுக்கு வேலையே இல்ல. மேல சொன்ன ஒரு ஸ்டார் ஆளுங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான் வச்சுப் பார்த்துட்டு பழுதுன்னு எழுதியிருப்பாங்களோன்னு எனக்கு நினைப்பு.

கம்பியில கரண்ட் ஓடுனா ஊசி விலகுங்கிற விசயத்த முதல்ல எழுதி வெளியிட்டது டென்மார்க்ல கோப்பன்ஹேகன்ல பேராசிரியரா இருந்த ஏர்ஸ்டெட், 1820ம் வருஷம். அவரும் மாணவங்களுக்கு முன்னால விரிவுரை நடத்தும்போதுதான் கம்பியில கரண்ட் விட்டதும் பக்கத்துல இருந்த ஊசி லேசா அசையுறதப் பார்த்தாரு. அது வரைக்கும் மின்சாரம் வேற, காந்தம் வேறன்னுதான் பெரும்பாலானவங்க நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. ஜூலை 21ந் திகதி லத்தீன் மொழியில சின்னதா ஒரு கட்டுரை போட்டாரு, செப்டெம்பர்ல பாரிஸ்ல அம்பியர் அத எடுத்துக்கிட்டு கரண்ட் ஓடுற ரெண்டு கம்பியே ஒன்ன ஒன்னு இழுக்கும் தள்ளும்னு காட்டிட்டாரு. இன்னைக்கு நாம மின்னோட்டத்த அளக்குற அலகு அவரு பேருதான். ஒரு ஊசி லேசா அசைஞ்சதுல இருந்து வந்தது இவ்வளவும், மோட்டர், ஃபேன், கொழுந்து அரைக்கிற பெக்டரி மெஷின் எல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன். அத ஒரு தோட்டத்துப் புள்ள 150 ரூபா கொம்பஸ்ல அப்படியே பார்க்க முடியுதுன்னா அத விடக் குறைஞ்ச செலவுல வேற என்ன குடுக்க முடியும் சொல்லுங்க.

கணக்கு தெரிஞ்சவங்களுக்காக கொஞ்சம். நேரான நீளக் கம்பியில ஒரு அம்பியர் ஓடினா ஒரு சென்டிமீட்டர் தள்ளி 20 மைக்ரோ டெஸ்லா (காந்தப்புலத்த அளக்குற அலகு) புலம் வரும். தூரம் ரெட்டிச்சா பாதியாகும், அம்பியர் ரெட்டிச்சா ரெட்டிக்கும், அவ்வளவுதான் கணக்கு. நம்ம நாட்டுல பூமியோட காந்தப்புலம் 40 மைக்ரோ டெஸ்லா பக்கம், அதுவும் கிட்டத்தட்ட முழுசும் கிடையாவே இருக்கு, ஏன்னா காந்த நடுக்கோடு, அதாவது பூமியோட புலம் சாயாம கிடையாவே இருக்கிற கோடு, நமக்குப் பக்கத்துலதான் போகுது. (1963ல இந்தியா ரொக்கெட் விட கேரளாவுல தும்பாங்கிற ஊரத் தெரிவு செஞ்சதும் அந்தக் கோடு பக்கத்துல இருக்குன்னுதான்.) அப்ப ஒரு சென்டிமீட்டர் தூரத்துல ரெண்டு அம்பியர் ஓடினா ரெண்டு புலமும் சமம், ஊசி நடுவுல சாஞ்சு 45 டிகிரியில நிக்கும். நம்ம டோர்ச் பல்பு 0.3 அம்பியர்னா 6 மைக்ரோ டெஸ்லா, அதான் எட்டரை டிகிரி. எங்க சின்ன கொம்பஸ் காட்டுனதும் கிட்டத்தட்ட அதுவேதான். 150 ரூபா சாமான் இதுக்கு மேல என்ன காட்டணும்.

இங்கிலாந்துல கிடையா இருக்கிற பங்கு 20 மைக்ரோ டெஸ்லா அளவுதான், கோப்பன்ஹேகன்ல இன்னும் குறைவு, அங்க புலம் நிலத்துக்குள்ள செங்குத்தா இறங்குற மாதிரி சாஞ்சு கிடக்கு. அதனால அதே பெட்டரி, அதே கம்பிய வச்சு அங்க செஞ்சா ஊசி நமக்கு விலகுறத விட ரெண்டு மடங்கு கிட்ட விலகும். வெளிநாட்டு வீடியோல எல்லாம் ஊசி துள்ளிப் போகுது, நமக்கு மட்டும் ஏன் லேசா அசையுதுன்னு ஒரு பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி அது. நம்ம ஊருல பூமி ஊசிய கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு வழி, கம்பிய கொம்பஸச் சுத்தி வடக்கு தெற்கா பத்து சுத்து சுத்திடுங்க, ஒவ்வொரு சுத்தும் மேலயும் கீழயும் ஒரே பக்கம் தள்ளும், பத்து மடங்குக்கும் மேல பலன். அதே டோர்ச் பல்ப வச்சே ஊசி பாதிக்கு மேல திரும்பிடுச்சு. இந்த யோசனையும் 1820லயே ஜெர்மனியில ஷ்வைகர்ங்கிறவரு கண்டுபிடிச்சது, சின்ன மின்னோட்டத்தையும் காட்டுற கருவியான கல்வனோமானியோட ஆரம்பமே இதுதான்.

பெட்டரிய பல்பு இல்லாம நேரடியா கம்பியில மாட்டாதீங்க. ஊசி நல்லா திரும்பும், உண்மைதான், ஆனா கம்பி சுடும், பெட்டரி சீக்கிரம் செத்துரும், சின்னப் புள்ளைங்க கை வேற.

இந்தப் பெரிய கொம்பஸ்ல எனக்குள்ள உண்மையான குறைய இப்பத்தான் சொல்லணும், ஏன்னா அதுவும் மேல சொன்ன சாய்வு விசயந்தான். வடக்கு நாடுகள்ல ஊசியோட வட முனை கீழ இழுபடும், அதனால செய்யுறவங்க தென் பக்கத்துல கொஞ்சம் பாரம் கூட்டி சமன் பண்ணி விக்கிறாங்க. அதக் கொண்டு வந்து நம்ம ஊருல வச்சா இங்க அந்த இழுப்பு இல்ல, கூட்டுன பாரம் மட்டும் மிச்சம், தென் முனை தாழ்ந்து போயி பெட்டியோட அடியில உரசுது. தட்ட சமமா பிடிச்சா ஊசி சிக்கிக்கும், லேசா சாச்சுப் பிடிச்சாத்தான் சுத்தும். நல்ல கம்பெனிங்க உலகத்தப் பகுதி பகுதியா பிரிச்சு ஒவ்வொரு பகுதிக்கும் வேற வேறயா சமன் பண்ணுதுங்க, எல்லாப் பகுதிக்கும் ஒத்துவர்ற ஊசி வச்சும் வருது, விலைதான் கூட. இந்தப் பெட்டியில எந்தப் பகுதிக்குன்னு ஒரு எழுத்துக் கூட இல்ல. வித்த ஆளுக்கு மூணு தடவ மெசேஜ் போட்டேன், பார்த்ததுக்கு அடையாளம் விழுது, பதில் வரல. ஒன்னே முக்கால் வாரம் காத்திருந்தேன். திரவம் அடைச்ச பெட்டி, நாமளா திறந்து சரி பண்ணவும் முடியாது.

இன்னொன்னு, கொழும்புல இருந்து வந்து ரெண்டாவது வாரம் உள்ள ஒரு காத்துக் குமிழி வந்துருச்சு. இதுக்காக ஸ்டார் குறைக்க மாட்டேன். ஹட்டன் கடல் மட்டத்துல இருந்து 1,200 மீட்டருக்கு மேல, மேல வர வர காத்தழுத்தம் குறையும், குளிரும் சேர்ந்தா திரவத்துல குமிழி வர்றது நல்ல கொம்பஸுக்கும் வர்றதுதான். பயறு அளவு இருந்தா ஒன்னும் ஆகாது. ஊசிய முட்டித் தள்ளுற அளவுக்குப் பெருசானாத்தான் பிரச்சின.

வீட்டுக் கரண்ட் விசயத்துக்கு வர்றேன், இதத்தான் ஆளுங்க ரொம்பக் கேட்குறாங்க. எங்க தம்பி வயரிங் வேல செய்றவன். சுவர்ல ஓடுற வயர் கொம்பஸக் கெடுத்துரும்க்கான்னு அவன்தான் முதல்ல அடிச்சுச் சொன்னான். சரி பார்ப்போம்னு கேத்தல் பிளக்க போட்டோம். 2,000 வொட் கேத்தல், 230 வோல்ட், அப்ப எட்டே முக்கால் அம்பியர் கிட்ட ஓடுது. அந்த அளவு மின்னோட்டம் பெட்டரியில இருந்து வர்ற மாதிரி ஒரே திசையில, ஒத்த கம்பியில ஓடினா அஞ்சு சென்டிமீட்டர் தூரத்துல கூட ஊசி 40 டிகிரி விலகணும். கேத்தல் வயர்கிட்ட சின்ன கொம்பஸ வச்சோம். தண்ணி கொதிச்சு முடியுற வரைக்கும் ஊசி அப்படியே நின்னுச்சு.

தம்பி சொன்னான், வயருக்குள்ள ரெண்டு கம்பியும் சேர்ந்து இருக்கிறதாலதானே அக்கா, வயரச் சுத்திக் கவ்வி அம்பியர் அளக்குற க்ளாம்ப் மீட்டர ரெண்டு கம்பியையும் சேர்த்துப் பிடிச்சா சைபர்தான் காட்டும், ஒன்ன மட்டும் பிரிச்சுப் பிடிச்சாத்தான் அம்பியர் காட்டும்னு. எனக்கு அத்தன சந்தோசம், நான் வகுப்புல சொன்னத அவன் தொழில்ல தினமும் பார்த்துக்கிட்டு இருக்கான். அப்புறம் அவனே வீட்டுக் கரண்ட்ட பிரிச்சு விடுற டீபி பெட்டியத் திறந்து (அவன் செய்யலாம், நீங்க செய்யாதீங்க, தயவு செஞ்சு) ஒத்தையா வர்ற வயர்கிட்ட கொம்பஸ வச்சான். அங்கயும் ஊசி விலகல. நல்லா உத்துப் பார்த்தா முனையில ஒரு சின்ன நடுக்கம் மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். நம்ம வீட்டுக் கரண்ட் ஒரு செக்கனுக்கு 50 தடவ போய் வருது. ஊசிய இந்தப் பக்கம் தள்ளி முடிக்கிறதுக்கு முன்னாலயே அந்தப் பக்கம் தள்ளுது, ஊசி எந்தப் பக்கம் போகும் பாவம், இருந்த இடத்துலயே நிக்குது.

அதே காரணந்தான் டவர் லைனுக்கும். நோர்ட்டன் பக்கம் போயிருந்தப்ப லக்சபான பக்கத்துல இருந்து மலை தாண்டிப் போற பெரிய கம்பிகளுக்கு அடியில நின்னு ரெண்டு கொம்பஸையும் பார்த்தேன், அரை டிகிரி கூட மாறல. விமலசுரேந்திர இஞ்சினியர் 1918லயே இந்தத் தண்ணியில கரண்ட் எடுக்கலாம்னு எழுதி வச்சாரு, 1950லதான் பழைய லக்சபான ஓட ஆரம்பிச்சுச்சு, அன்னையில இருந்து அந்தக் கம்பிக்கு அடியிலதான் நம்ம ஆளுங்க கொழுந்து பறிக்கிறாங்க. அதுல ஓடுறதும் திசை மாறி மாறி ஓடுற கரண்ட்தான். அத விடுங்க, ஒரே திசையில 300 அம்பியர் ஓடுதுன்னே வச்சுக்கிட்டாலும் 15 மீட்டர் கீழ வந்து சேருறது வெறும் 4 மைக்ரோ டெஸ்லா. நம்ம டோர்ச் பல்பு அத ஜெயிச்சுரும்.

ஊசிய உண்மையிலயே இழுத்தது மாமாவோட பழைய வேன். நுவரெலியாவுக்குப் போகும்போது பெரிய கொம்பஸ டேஷ்போர்ட்ல வச்சிருந்தேன். வேனுக்குள்ள சுத்தி இரும்புங்கிறதால வடக்கு எப்படியும் பிழைதான், அது தெரியும். நானு ஓயா கிட்ட மூடுபனி இறங்கி மாமா ஹெட்லைட்ட போட்டாரு, ஊசி பத்து டிகிரி அளவுக்கு விலகிப் போயி நின்னுச்சு. "மாமா, ஒருக்கா அணைங்க"ன்னேன், அணைச்சாரு, திரும்பி வந்துச்சு. போட்டாரு, போச்சு. நாலஞ்சு தடவ செய்ய வச்சதுல அவருக்கு என்னம்மா இது ரோட்டுலன்னு கோவம் வந்துருச்சு, ஓரமா நிப்பாட்டித்தான் மிச்சத்தப் பார்த்தோம். 55 வொட் பல்பு ரெண்டு, 12 வோல்ட், ஒன்பது அம்பியர் கிட்ட. அதுவும் பெட்டரிக் கரண்ட், ஒரே திசை. அதோட வாகனத்துல போறதுக்குத்தான் வயர், திரும்பி வர்றது வண்டி பொடி வழியா, அப்ப கழிச்சு விடுறதுக்குப் பக்கத்துல ஜோடி வயரே கிடையாது. கப்பல், விமானத்துல எல்லாம் கொம்பஸுக்குப் பக்கத்துல போற வயர ரெண்டு ரெண்டா முறுக்கி விடுறது இதுக்காகத்தான். வாகனத்துக்குன்னு கொம்பஸ் வாங்குறவங்க லைட்ட போட்டு ஒருக்கா, போடாம ஒருக்கா பார்த்துட்டு ஒட்டுங்க.

சொல்லாம விட முடியாத இன்னொரு விசயம். எங்க சொந்தக்காரங்களுக்கு ஏழு பேர்ச் காணியில வீடு கட்டுறாங்க. மனை பார்க்க வந்த ஐயா கொம்பஸ எடுத்து இரும்புக் கேட் தூணுக்குப் பக்கத்துல வச்சு வாசல் ஈசானத்துல இருந்து விலகி இருக்கு, அத்திவாரத்த மாத்தணும்னுட்டாரு. அந்தக் குடும்பத்துக்கு அத்திவாரம் மாத்துறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், கடன் வாங்கித்தான் கட்டுறாங்க. நான் மரியாதையா, "ஐயா, கொஞ்சம் காணி நடுவுல வச்சுப் பார்ப்போமா, இங்க கம்பி நெறைய கிடக்கு"ன்னு கேட்டேன். நல்ல மனுசன், மறுபேச்சுப் பேசாம வந்தாரு. நடுவுல வச்சா 14 டிகிரி வித்தியாசம். என் சின்ன கொம்பஸையும் தள்ளி வச்சுப் பார்த்தோம், ரெண்டும் ஒத்துப் போச்சு. வாசல் இருந்த இடத்துலயே இருக்கு. லயத்துத் தகரக் கூரை, கான்கிரீட்டுக்குள்ள கம்பி, இரும்புக் கட்டில், அலுமாரி, இதெல்லாம் வயர விட நூறு மடங்கு கெடுக்கும், ஆனா ஆளுங்க வயரத்தான் திட்டுறாங்க.

கொம்பஸ் வாங்கப் போறவங்க இப்படிப் பாருங்க. இரும்பு இல்லாத இடத்துல வச்சு ஊசிய நிக்க விடுங்க, ஒரு இரும்புச் சாவியக் கிட்டக் கொண்டு வந்து ஊசிய இழுத்துட்டு சாவியத் தள்ளி எடுத்துருங்க, பழைய கோட்டுலயே வந்து நிக்கணும். அப்புறம் மத்தப் பக்கத்தால இழுத்து விடுங்க, அப்பவும் அங்கயே நிக்கணும். ரெண்டு தடவயும் வேற வேற இடத்துல நின்னா ஊசியோட கூர் தேஞ்சு போச்சு, அத எடுக்காதீங்க. கைல போன வச்சுக்கிட்டு பார்க்காதீங்க, பொக்கட்ல இருந்தாலும் ஒரு கை தூரத்துக்கு அங்கிட்டு வச்சுட்டு வாங்க. போனுக்குள்ள இருக்கிற கொம்பஸும் இதே பூமிப் புலத்தத்தான் ஒரு சென்சரால அளக்குது, காந்தம் வச்ச போன் கவர் போட்டிருந்தா அதுவும் பிழையாத்தான் காட்டும்.

என் மார்க்கு: ஹட்டன் சின்ன கொம்பஸுக்கு அஞ்சுக்கு நாலரை. அரை குறைச்சது மூடி லூசா இருக்கிறதுக்கு, மழைக்காலத்துல ஈரம் ஏறி ஒன்னுல ஏற்கனவே துரு பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. அரிசி போட்ட டின்னுக்குள்ள வைக்கிறேன், தகர டின் இல்ல, ப்ளாஸ்டிக் டின், ஒவ்வொன்னுக்கும் நடுவுல கடுதாசி மடிச்சு வச்சு. பெரிய கொம்பஸுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் வளையமும் அடிமட்டமும் நல்லா இருக்கிறதுக்கு, வரைபடத்துல கோணம் அளக்கப் புள்ளைங்களுக்கு உதவுது. நம்ம பகுதிக்கு சமன் பண்ணாத ஊசிய சொல்லாம வித்ததுக்கு அதுக்கு மேல குடுக்க மனசு வரல.

குரூப்புக்கு ஒன்னுன்னு வைக்கிறதுக்கு இன்னும் நாலு வேணும், அடுத்த தவணையில வரிச்சுருள் (கம்பிச் சுருள்) சுத்தணும்னு புள்ளைங்க இப்பவே பழைய ட்ரான்ஸ்போமர்ல இருந்து கம்பி உருவிக்கிட்டு இருக்காங்க. கடை அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். போன சனிக்கிழமை போனப்ப, கேட்காமலே ஒரு பெட்டிய எடுத்துக்கிட்டு நேரா வெளிய திண்ணைக்கு வந்து, ஒரு சாண் விட்டு ஒரு சாண் விட்டு அவரே வரிசையா வச்சாரு.